பழைய லாரிக்குப் புது சைலன்சர்: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு லாரியில் என்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கும். டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில் அதை மூடியிருக்கும் தகர மூடியைத்தான் நாங்கள் பேனட் என்போம். ராத்திரி ஓட்டத்தில் அதன்மேல் போர்வையை விரித்து ஒருவர் படுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது அந்த மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பில் கரி படிந்திருப்பதைப் பார்த்தேன். விரலால் தொட்டேன், கண்மை போல ஒட்டியது. சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேடு ஏறும்போதெல்லாம் கண் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்று அப்பா அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் போதவில்லை என்று நாங்கள்தான் தவறாக நினைத்துவிட்டோம். என்ஜினிலிருந்து வரும் புகையை வாங்கும் மேனிஃபோல்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் எரிந்து, புகை நேராகக் கேபினுக்குள் வந்திருக்கிறது.

சைலன்சர் வேலை என்றதும் பலருக்கும் சத்தமும் இழுவையும்தான் ஞாபகம் வரும். பழைய லாரியில் இந்த வேலை முதலில் டிரைவரின் மூச்சுக்கானது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் வரிசையில் சேர்த்தது. வருடக்கணக்கில் அந்த மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டு ஆள். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்த நினைப்போடு படியுங்கள். இழுவை, மைலேஜ் எல்லாம் கூடவே வரும்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற அரசின் புகைத் தரம்) வரையிலான டீசல் லாரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 1986இல் வந்த டாடா 407 இன்றும் காய்கறி மார்க்கெட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது, அதைவிடப் பெரிய பழைய ஆறு சக்கர வண்டிகள், பழைய லேலண்டுகள் எல்லாவற்றிலும் புகை போகும் பாதை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். என்ஜினை ஒட்டி வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. டர்போ வண்டியானால் அதற்கடுத்து டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. பிறகு கீழே இறங்கும் முன் பைப், பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக், நடுவே ஒரு நெளி பைப், சைலன்சர் டப்பா, கடைசியில் டெயில் பைப். இவற்றைச் சேஸில் தாங்கிப் பிடிக்கும் பட்டைகளும் ரப்பர்களும் இந்தக் கணக்கில் சேரும். புதிதாக இறங்குபவர்கள் மறப்பது இவற்றைத்தான்.

பி.எஸ். 4 வண்டியில் யூரியா டேங்க் இருந்தாலோ, உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியாக இருந்தாலோ இந்தக் கட்டுரையை வைத்துக் கை வைக்காதீர்கள். அங்கே டப்பாவுக்குள் இருப்பது புகையைச் சுத்தம் செய்யும் கருவி, கூடவே சென்சர்களும் இருக்கும். பெட்ரோல், டீசல் ஏற்றும் டேங்கர் லாரிக்கும் விதிகள் வேறு. அதில் புகைக் குழாய் கேபினுக்கு முன்பக்கமாகப் போகும், தீப்பொறி தடுப்பானும் கட்டாயம். அனுமதி பெற்ற பட்டறையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

புகை அதிகமாக வருகிறது என்பதற்காக சைலன்சரை மாற்றினால் காசுதான் போகும். கறுப்புப் புகைக்குக் காரணம் அடைத்த ஏர் ஃபில்டராகவோ, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டராகவோ, டீசல் பம்ப் செட்டிங்காகவோ இருக்கும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவை என்ஜின் மெக்கானிக்கின் வேலை. சைலன்சர் அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும், மேட்டில் வண்டி திணறும். டப்பாவுக்குள் இருக்கும் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்று வழியை மறைத்துக்கொள்ளும்போது இப்படி ஆகும். ரப்பர் சுத்தியலால் டப்பாவைத் தட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும்.

கசிவைக் கண்டுபிடிக்கக் காலை நேரம் நல்லது. என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்துவிட்டு, மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகத்தோடு சேர்ந்து வரும் சத்தம் கேட்டு, வண்டி சூடானதும் அது குறைந்தால், கேஸ்கெட்டோ மேனிஃபோல்டோ விட்டிருக்கிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் குறைகிறது. ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து ஊதுபத்தி. எங்கள் பட்டறை அண்ணன் சொல்லிக் கொடுத்தது இது. டீசல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, வண்டியை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் எரியும் ஊதுபத்தியை மெதுவாகக் கொண்டு போங்கள். நேராக மேலே போகும் புகைக் கோடு எங்கே சட்டென்று உதறிக்கொண்டு விலகுகிறதோ அங்கே கசிவு. ஃபேன் காற்று தொந்தரவு செய்யும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஆறிய பைப்பில்தான் தெளிக்க வேண்டும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

பைப்பையும் டப்பாவையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். உள்ளே அரித்த இடம் 'டொக்' என்று செத்த சத்தம் தரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். டீசலில் உள்ள கந்தகமும் எரியும்போது உண்டாகும் தண்ணீரும் சேர்ந்து அமிலமாகி டப்பாவின் அடியில் தேங்குவதால் துரு உள்ளிருந்துதான் வருகிறது. பி.எஸ். 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருந்தது. இப்போதைய டீசலில் 10 பங்குதான். பழைய டப்பாக்கள் அந்தக் காலத்து அமிலத்தையும் சேர்த்துக் குடித்தவை. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் செங்கல் வண்டியின் சைலன்சர், சென்னைக்கும் நாமக்கல்லுக்கும் ஓடும் வண்டியுடையதைவிடச் சீக்கிரம் ஓட்டையாவதும் இதனால்தான். குறைந்த ஓட்டத்தில் பைப் சூடேறி ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை.

எதை வாங்குவது, எதை மேம்படுத்துவது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். கடையில் நிறையக் கதை சொல்வார்கள்.

'பேக் பிரஷர் (புகை வெளியேறும்போது பைப்பில் வரும் எதிர் அழுத்தம்) இருந்தால்தான் இழுவை வரும்' என்பது அதில் முதல் கதை. டீசல் என்ஜினுக்குப் புகை எவ்வளவு சுலபமாக வெளியே போகிறதோ அவ்வளவு நல்லது. அடைத்த பாதையால் எந்த லாபமும் கிடையாது. 'பைப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பவர்' என்பது இன்னொரு கதை. இரண்டரை அங்குலப் பைப்பை மூன்று அங்குலமாக்கினால் உள்ளே வழி 44 சதவீதம் கூடும் என்பது உண்மை. ஆனால் பம்பும் டர்போவும் கம்பெனி அளவில் இருக்கும் வண்டிக்கு அந்தக் கூடுதல் வழியால் பெரிய பயன் இல்லை. எடை கூடும், தாங்கும் பட்டைகளுக்குச் சுமை கூடும், டயரோடும் ஸ்பிரிங்கோடும் உரசும் வாய்ப்பும் கூடும். பைப்பின் அளவைவிட வளைவுதான் முக்கியம். சில பட்டறைகளில் பைப்பை வளைக்கும்போது உள்வளைவு நசுங்கி, வட்டமாக இருக்க வேண்டிய வழி வாழைப்பழம் போலாகிவிடும். அப்படிப்பட்ட இரண்டு வளைவு இருந்தால் மூன்று அங்குலப் பைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. வளைவிலும் வட்டம் குலையாத பைப்பாகக் கேட்டு, கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி அளவிலேயே நசுங்காத வளைவோடு புதுப் பைப் போடுவதுதான் என் கணக்கில் சரியான மேம்பாடு.

டப்பாவை எடை போட்டு வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டு கம்பெனி டப்பா இருந்தால் இரண்டையும் தூக்கிப் பாருங்கள். கனமானதில் தகடு தடிமனாகவும் உள்ளறைகள் ஒழுங்காகவும் இருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் டப்பாவும், டப்பாவே இல்லாத நேர் பைப்பும் வேண்டவே வேண்டாம். சைலன்சர் இல்லாமல் வண்டி ஓட்டுவது 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு விரோதம். சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது டிரைவரின் காது. பத்து மணி நேரம் அந்தச் சத்தத்தில் இருந்துவிட்டு இறங்குபவருக்குப் பிள்ளை கூப்பிடுவது கேட்காது. இது எங்கள் தெருவிலேயே நான் பார்த்தது.

பைப் எந்த உலோகம்? சாதா இரும்புப் பைப் என்றால் 1.6 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் எடுங்கள். அலுமினியம் பூசிய இரும்பு அதைவிட நிறைய நாள் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். முடிந்தால் இதையே எடுங்கள் என்பேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 409 ரகம் சைலன்சருக்கென்றே பயன்படுவது. 304 ரகம் இன்னும் பளபளப்பாக இருக்கும், ஆனால் சூட்டில் அதிகமாக விரியும். 300 டிகிரி சூடேறினால் 2 மீட்டர் சாதா இரும்புப் பைப் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும், 304 ரகம் 10 மில்லிமீட்டர் வரை நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்காமல் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஓர் இடத்தில் வெடித்தே தீரும். தண்ணீர்க் குழாய்க்கு வரும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை மட்டும் வாங்காதீர்கள். அதை வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை வரும், வெல்டருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் வந்துவிடும்.

செலவு செய்ய ஓர் இடம் உண்டு என்றால் அது நெளி பைப். பழைய வண்டியில் என்ஜின் மவுண்டிங் தளர்ந்திருக்கும், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் என்ஜின் ஆடும். அந்த ஆட்டம் சைலன்சருக்குப் போகாமல் நடுவில் தாங்குவது இந்த நெளி பைப்தான். வெளியே கம்பி வலை பின்னிய நல்ல ரகமாக எடுங்கள். இதை மாற்றாமல் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றிய வண்டி ஆறு மாதத்தில் திரும்பப் பட்டறைக்கு வரும்.

எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் பைப்புக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும். பட்டனை மிதித்தால் காற்றழுத்தம் அந்தத் தகட்டைத் திருப்பிப் புகை வழியை மூடும், உள்ளே ஏறும் அழுத்தம் என்ஜினைப் பிடித்து நிறுத்தும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் இறக்கத்தில் லோடோடு இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிரேக் டிரம் சூடேறாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவது அதுதான். தகட்டுக்கு முன்னால் எங்கே கசிந்தாலும் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். புகைப் பாதையைக் கழற்றும்போதே அந்தத் தகட்டின் கரியைச் சுரண்டி, கையால் திருப்பினால் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். இது வேண்டாம் என்று எடுத்துவிட்டு வெறும் பைப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தால் சென்னைப் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். வாங்கும் முன் டீசலால் கழுவித் துடைத்துச் சாக்பீஸ் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் விரிசல் இருக்கும் இடத்தில் டீசல் ஊறிக் கறுப்புக் கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது பெரும்பாலும் நிற்காது.

கழற்றும் முன்

இந்த வேலையை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டியிருப்பதால் எப்படியும் சில நாள் நிற்கும். அவசர லோடுக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) ஒன்று உடைந்தாலே ஒரு நாள் போய்விடும்.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு தடவை. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்துவிட்டு அடித்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். அப்புறம் மொபைலில் போட்டோ எடுங்கள். எந்தப் பட்டை எந்தத் துளையில், டெயில் பைப் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, டப்பாவுக்கும் சேஸுக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிப் போட்ட பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். என்ஜின் குறைந்தது மூன்று மணி நேரம் ஆற வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது மேனிஃபோல்டு பக்கம் 500 டிகிரிக்கு மேல் போகும், அந்த வார்ப்பிரும்பு வெளியே ஆறினது போலத் தெரிந்தாலும் உள்ளே சூட்டை வைத்திருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துரு எப்போதும் கண்ணைத் தேடித்தான் விழும். வெல்டிங் இருந்தால் பேட்டரி வயர்களைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். டீசல் டேங்கையும் ஏர் லைன்களையும் ஈரச் சாக்கால் மூடுங்கள். ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பழைய வண்டிகளில் முன் பைப்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு நார்க் கயிறு சுற்றியிருப்பார்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். காய்ந்த நிலையில் பிய்த்து உதறாதீர்கள். தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு மெல்லப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

கழற்றுவது

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டெயில் பைப், பிறகு டப்பா, பிறகு நெளி பைப், கடைசியில் மேனிஃபோல்டு. டப்பாவைத் தாங்கும் பட்டையை அவிழ்க்கும் முன் அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்துவிடுங்கள். பெரிய வண்டியின் டப்பா நெஞ்சில் விழுந்தால் தாங்க முடியாது. துருவேறி இறுகிப்போன பழைய பைப்பைக் கழற்றப் போராடாதீர்கள். அது எப்படியும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகப்போகிறது, கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். தீப்பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமை வேண்டிய இடம் மேனிஃபோல்டு நட்டுகள். முதலில் நட்டை அவிழ்க்கும் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு மயிரிழை இறுக்குங்கள். துரு உடையும்போது ஒரு சின்ன 'கிர்ர்' கையில் தெரியும். பிறகு அவிழ்க்கும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே கொஞ்சம், எண்ணெய், மறுபடி வெளியே. ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தால் நட்டு வராது, ஸ்டட்டின் முனைதான் உடைந்து வரும். வரவே மாட்டேன் என்கிற நட்டை கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி, சிவப்பு அடங்கியதும் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். சூடாக்கும் முன் அடித்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், பக்கத்தில் டீசல் லைன் இல்லையே என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேல் ஸ்டட் உடைந்தால் பதறாதீர்கள். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, ஆறும்போது திருப்பலாம். அந்த வெல்டிங் சூடே துருவை இளக்கிவிடும். நீட்டிக்கொண்டிராமல் ஹெட்டின் மட்டத்தோடு உடைந்திருந்தால் அதைத் துளைக்கும் வேலையை லேத் பட்டறை ஆளிடம் விடுங்கள். துளை சாய்ந்துபோனால் சிலிண்டர் ஹெட்டே போய்விடும்.

மாட்டுவது

மேனிஃபோல்டு உட்காரும் முகத்தில் பழைய கேஸ்கெட்டின் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. ஸ்கேல் ஒன்றை முகத்தின்மேல் நெடுக்காக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பல வருடச் சூட்டில் மேனிஃபோல்டு வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டும். எங்கள் வண்டியில் இதைத்தான் யாரோ தவறவிட்டிருந்தார்கள். முன்பு வேலை பார்த்த பட்டறையில் வளைவைச் சரிசெய்யாமல், இடைவெளியை அடைக்க இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கியிருந்தார்கள். கழற்றியபோது இரண்டும் சேர்ந்து கருகி, மூன்றாவது சிலிண்டர் வாயில் கட்டை விரல் அகலத்துக்குக் காணாமல் போயிருந்தது. அந்த வழியாகத்தான் அப்பாவின் தலைவலி வந்தது. ஒரு கேஸ்கெட்தான் வைக்க வேண்டும், அதுவும் புதிதாக.

நட்டும் புதிதாக இருக்கட்டும். மரையில் செம்பு கிரீஸ் தடவினால் அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். இறுக்கும்போது நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போங்கள். முதல் சுற்றில் பாதி, இரண்டாவது சுற்றில் முக்கால், மூன்றாவதில் மேனுவலில் சொன்ன முழு அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லை என்றால் அந்த ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

மற்ற இணைப்புகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் மாட்டுங்கள். முன்னாலிருந்து பின்னால் எல்லாம் தொங்கிய பிறகு, பைப்பைத் திருப்பி, தூக்கி, ஒழுங்கு பார்த்து, அப்புறம்தான் முன்னாலிருந்து வரிசையாக இறுக்க வேண்டும். நெளி பைப் நேராக, முறுக்கோ இழுப்போ இல்லாமல் இருக்க வேண்டும். அதைக் கையால் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் ஏதோ ஓர் இணைப்பு தப்பு. டப்பாவில் அம்புக்குறி இருந்தால் அது புகை போகும் திசை. ஒரு பைப்புக்குள் இன்னொன்று செருகும் இடத்தில் முன்னால் வரும் பைப் உள்ளேயும் பின்னால் வருவது வெளியேயும் இருக்கட்டும். 40, 50 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும். யூ போல்ட் கிளாம்ப் பைப்பை நசுக்கிவிடும், பட்டையான கிளாம்ப் கிடைத்தால் அதையே போடுங்கள். பட்டைகளுக்கு ரப்பர் புதிதாகப் போடுங்கள். கம்பியால் கட்டித் தொங்கவிட்ட டப்பா ஒரு நாள் நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர் முன்னால் விழும்.

இடைவெளி விஷயத்தில் கறாராக இருங்கள். டீசல் லைனுக்கும் புகைப் பைப்புக்கும் நடுவே 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. நான் அதைவிட இரண்டு மடங்கு விடுவேன். ஏர் லைன், வயரிங், டயர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் லோடு ஏறினால் எவ்வளவு கீழே வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி வண்டியில் நான்கு விரல் இடைவெளி, லோடு வண்டியில் ஒன்றுமில்லாமல் போகும். பாடியின் மரப் பலகைக்கு அடியில் பைப் போனால் நடுவே தகரத் தடுப்பு கட்டாயம். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார் ஏற்றும் வண்டியானால் இதில் சமாதானமே கிடையாது. தார்ப்பாய்க் கயிறு தொங்கி டெயில் பைப் மேல் விழாமல் ஒரு கொக்கி வைத்துவிடுங்கள்.

டெயில் பைப்பின் வாய் கீழ்நோக்கியும் இருக்கக் கூடாது, வண்டியின் இடப்பக்கமும் பார்க்கக் கூடாது. இதுவும் விதிதான். இடப்பக்கம் என்பது பஸ்ஸுக்கு நிற்பவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருக்கும் பக்கம். கீழே பார்த்தால் மண் ரோட்டில் புழுதியைக் கிளப்பும்.

முன் பைப்பில் சூடு தடுக்கும் துணி சுற்றலாமா என்று கேட்பார்கள். பேனட் சூடு குறையும், உண்மைதான். ஆனால் சாதா இரும்பின்மேல் சுற்றினால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பைப்பை அரிக்கும். தகரத் தடுப்பே போதும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்யும்போது பெயின்டும் எண்ணெயும் எரிந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். திறந்த வெளியில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள், மறுபடி ஊதுபத்தியோடு ஒரு சுற்று. முழுக்க ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை, கிளாம்ப்புகளையும் சேர்த்து. புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கிக் கொடுக்கும், இந்த மறு இறுக்கத்தை விட்டால் முழு வேலையும் வீண். பிறகு புகைப் பரிசோதனைக்குப் போங்கள். பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு)தான் எல்லை, சான்றிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லும். பரிசோதனையில் தோற்றால் பம்பையும் இன்ஜெக்டரையும் பாருங்கள், புது சைலன்சரைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாகக் கேபினுக்குள் ஏறுங்கள். கியர் லீவர் அடியிலுள்ள ரப்பர் உறை, பெடல் துளைகள், வயரிங் போகும் ஓட்டைகள், பேனட் விளிம்பு ரப்பர் எல்லாம் கிழிசல் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். கிழிந்ததை மாற்றுங்கள். பேனட் ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். அந்தத் துணியை டேஷ்போர்டிலேயே வையுங்கள். லோடு ஏற்றி ஒரு நல்ல மேடு ஏறி இறங்கியதும் அதே துணியால் அதே ரப்பரை மறுபடி துடைத்துப் பாருங்கள். எங்கள் அப்பா இன்றும் மாதம் ஒரு முறை துடைத்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புகிறார்.